நாணயம் விழும் ஓசை

இருபத்திரண்டு வருடம் ஃபீனிக்ஸ் நெடுஞ்சாலையில்
இழுவை வண்டி ஓட்டியவன் நான்.
பழுதானது, கவிழ்ந்தது, தவணை கட்டாதது
எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டி
விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவன்.
கார் இல்லாத ஊருக்குக் குடிபோகிறேன் என்றதும்
பட்டறையே சிரித்தது.
"பல் வைத்தியன்
பல்லில்லாத ஊருக்குப் போகிறான்" என்றான் டுவெய்ன்.

ரோசெல்லின் விழித்திரை
ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கியிருந்தது.
ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த நாள்முதல்
ரொட்டி வாங்கக்கூட
நான் வரும்வரை காத்திருந்தாள்.
கடை எங்கள் வாசலிலிருந்தே தெரியும்.
நடுவே ஆறு தடம்,
அவ்வளவுதான்.

பட்டியல் போட்டவள் அவள்.
மூன்று ஊர், மூன்று வாரம், சேமிப்பில் பாதி.
சோதனை ஒன்றே ஒன்று:
நடுத்தெருவில் நின்று ஒரு நாணயத்தைக் கீழே போடுவாள்.
விழுவது கேட்க வேண்டும்.
உருள்வது கேட்க வேண்டும்.
எந்தப் பக்கம் போய்ப் படுத்தது என்பதும்.

ஆல்ப்ஸ் மலையூரில் நன்றாகத்தான் கேட்டது.
குனிந்து எடுப்பதற்குள்
மின்வண்டி ஒன்று பூனை மாதிரி வந்து
அவள் முழங்கையை உரசி நின்றது.
"இதற்குச் சத்தம் போடுகிற எதிரியே மேல்" என்றாள்.
அங்கே வாடகை எவ்வளவு என்பதை
நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

கிரேக்கத் தீவில் எல்லாம் கழுதை.
நாணயம் படிப்படியாகத் தத்தி இறங்கி
துறைமுகம் வரை போய்விட்டது.
கழுதைக்காரர் ஸ்டாமாடிஸ் எடுத்து வந்தார்,
மூச்சு இரைத்தபடி, வெற்றிப் புன்னகையோடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு படி.
எண்ணியிருந்தாள்.
"கண் போனால் பரவாயில்லை,
இங்கே முழங்காலும் அல்லவா போகக்கூடாது."

பொன்தெவேத்ராவில் மழை.
கருங்கல் தரை, குடைகள், நனைந்த காலடிகள்.
இன்றைக்குக் கேட்காது, நாளை பார்ப்போம் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிட்டாள்.
ணங்.
பிறகு நீளமாக ஓர் உருளல்.
பிறகு, பந்தைத் துரத்தி வந்த சிறுமி ஒருத்தி
அதைக் காலால் மிதித்து நிறுத்திய ஓசை.
"உங்களுடையதா?"
நட்டநடுத் தெருவில், மழையில், பந்து விளையாடுகிற பிள்ளை.
ஒருவரும் அதட்டவில்லை.
நீட்டிய காசை வாங்காமல்
ரோசெல் சற்று நேரம் சும்மா நின்றாள்.
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
குடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரி சபேலா
மூன்றாம் மாடியைத் திறந்து காட்டினாள்,
கையில் ஒரு வரைபடம் தந்தாள்.
ரயில் தடங்கள் போல வண்ணக் கோடுகள்;
ரயில்தான் இல்லை. எல்லாம் நடை.
சந்தைக்கு ஆறு நிமிடம், ஆற்றுக்கு ஒன்பது,
ஊர் எல்லையில் கார்கள் தூங்கும் இடத்துக்கு இருபது.
நான் வாசிக்க வாசிக்க
விரல் மடக்கி மனப்பாடம் செய்தாள்.

இப்போது ரொட்டி அவள் வாங்குகிறாள்.
ஆறு நிமிடம் என்பது அவளுக்கு அரைமணி.
மீன்கடை பிரைஸுக்கும் அவன் மச்சானுக்கும்
பேச்சு நின்றுபோனது வரை தெரிந்துகொண்டு வருகிறாள்.

தூக்கம் வராதது எனக்குத்தான்.
காதில் நெடுஞ்சாலை இல்லை.
கை, பையில் இல்லாத சாவியைத் தேடுகிறது.
நேற்று நள்ளிரவு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
பூனைநடையில் இறங்கி
ஊர் எல்லை வரை போனேன்.
வரிசையாக நின்றன, நனைந்துகொண்டு.
ஒரு நீலக் காருக்குப் பின்சக்கரம் சப்பியிருந்தது.
குந்தி உட்கார்ந்து தடவினேன்.
ஆணி.
யாரை எழுப்புவது?
தெரிந்த நான்கு ஸ்பானியச் சொற்களில்
ஒரு சீட்டு எழுதிக்
கண்ணாடித் துடைப்பானில் செருகினேன்.

திரும்பி வந்து இருட்டில் படுத்தேன்.
"உன்மேல் ரப்பர் வாசனை" என்றாள்.
நான் பேசவில்லை.
நகர்ந்து இடம் விட்டாள்.
"போய்வர நாற்பது நிமிடம்.
ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது.
சொல், எந்த வண்டி?"