ஒரு வரி கீழே

இங்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது
மேலே ஏற்றச் சொல்பவை.
அப்பா சார்ஜெண்ட், கார்ப்பரல் அல்ல.
மாமாவுக்கு இன்னொரு பதக்கம் பாக்கி.
ஒட்டாவாவில், மூன்றாம் மாடியில்,
பத்தொன்பது குளிர்காலமாக
இறந்தவர்களுக்குப் பதவி உயர்வு தருகிறேன்.

இறக்கச் சொல்லி வந்தது இது ஒன்றுதான்.

ஸெலிக்கா தெரியோ, ஷிப்பகன் துறைமுகம்.
நண்டுத் தொழிற்சாலையில் எடை போடுகிறவர்.
வாக்கியங்களும் அப்படித்தான்,
கிராம் கூடாமல் குறையாமல்:
“என் பெரியப்பா ஒனெசிம் தெரியோ
ராணுவத்தில் பாதிரியார். கேப்டன்.
கல்லறையில் மேஜர் என்று வெட்டியிருக்கிறார்கள்.
உங்கள் பதிவைப் பார்த்து வெட்டினார்களாம்.
ஊர்ப் பொய்யையெல்லாம்
மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
நாற்பது வருடம் கேட்டு மன்னித்தவர்.
அவர் தலைமாட்டில் ஒன்று வேண்டாம்.”

கோப்பில் எலி கடித்த வாசனை.
மூலத்தாளில் எல்லாம் சரி.
நகல் எடுத்தவளுக்கு அன்று என்ன அவசரமோ,
கார்பன் தாள்
ஒரு வரி கீழே நழுவியிருக்கிறது.
பட்டியலில் இவருக்கு மேலே
இன்னொரு தெரியோ, பீரங்கிப் படை.
அந்த மனிதரின் தோளில் இருந்த கிரீடம்
இறங்கி வந்து
பாதிரியார் தோளில் உட்கார்ந்துவிட்டது.

கிரீடத்தைக் கழற்றுவது எளிது.
படிவம் பதினேழு, இரண்டு பிரதி.
மூன்று நட்சத்திரங்களைத் திருப்பித் தந்தேன்.

பக்கம் புரட்டும்போதுதான் அது.
நாற்பத்து நான்கு நவம்பர் முதல்
நூற்று நாற்பத்தொரு நாள்:
‘இருப்பிடம் தெரியவில்லை.’

தொலைபேசியில் கேட்டேன்.
மறுமுனையில் கடற்காற்று,
ஏதோ இயந்திரம் நிற்கும் சத்தம்.
“ஊரில் அதற்கு வேறு சொல் உண்டு,” என்றார்.
“ஓடிப்போனார் என்பார்கள்.
கல்லில் மேஜர், கடைவீதியில் கோழை.
இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் வளர்ந்தோம்.
அதையும் பாருங்கள்.
எது வந்தாலும் எழுதுங்கள்.”

ஹாலந்துக்கு எழுதினேன்.
நான்கு மாதம் கழித்து வந்தது
ஒரு சமையலறைக் கணக்கின் புகைப்படம்.
வெள்ளம் சூழ்ந்த பள்ளிக்கூடம்,
தொண்டை அடைப்பான் வார்டு,
படுத்திருந்தவர்கள் ஜெர்மன் கைதிகள்.
அவர்களுடைய பாதிரி முதல் வாரமே போய்விட்டார்.
கதவு வெளியிலிருந்து பூட்டு.
உள்ளே போனவர் திரும்பக் கூடாது.
தினம் ஒரு வரி, பென்சிலில்:
டர்னிப் சூப், நோயாளிகள் இருபத்தாறு,
பாதிரியார் ஒன்று.
பிறகு நோயாளிகள் இருபது, பாதிரியார் ஒன்று.
பிறகு பதினான்கு.
பாதிரியார் எண் மட்டும் மாறவில்லை.

நூற்று நாற்பத்தொரு கிண்ணம் எண்ணினேன்,
இரண்டு தடவை.
நம் பதிவில் பிழை.
அந்த வார்டில் பிழைத்தவர்கள் பதினொருவர்.

‘திருத்தத்தின் காரணம்’ என்ற கட்டம்
மூன்று விரல் அகலம்.
‘எழுத்தர் தவறு’ என்று எழுதினேன்.
இருப்பிடத்துக்கு எதிரே
‘பணியில்’.
அதற்குமேல் அங்கே இடமில்லை,
எனக்கும் வார்த்தையில்லை.

ஸெலிக்கா பதிலுக்கு
கல் கொத்துகிறவரின் ரசீதை அனுப்பினார்,
நகல் எங்களுக்கும் வேண்டியிருக்குமென்று.
நன்றி என்று எதுவும் எழுதவில்லை.
ரசீதின் பின்புறம் மட்டும்:
“ஐந்து எழுத்து குறைந்தது,
ஏழு எழுத்து கூடியது, எடை சரி.”

கோப்பை மூடியிருக்கலாம்.
ஆனால் நழுவிய தாள் ஒருவரோடு நிற்காது.
பாதிரியாரின் நட்சத்திரங்கள்
அடுத்த வரியில் யார் தோளில் விழுந்தன?
திபொடோ, சமையல் பிரிவு, கார்ப்பரல்.
எழுபத்தைந்து வருடமாகக் கேப்டன்.
அவர் மகன் ஒவ்வொரு நவம்பரிலும்
அட்டை அனுப்புகிறார்,
‘கேப்டன் திபொடோவின் பிள்ளை’ என்று
கீழே கோடிட்டு.

படிவம் பதினேழு மேஜையில் இருக்கிறது.
வெளியே பனி அள்ளும் வண்டி
இதே தெருவை மறுபடியும் சுரண்டுகிறது.
திருத்தச் சொல்லி
இன்னும் யாரும் கேட்கவில்லை.