சோறு வேகும் நேரம்

அரிசி களைந்து குக்கரை அமுக்கினால்
இருபத்திரண்டு நிமிடம்.
அதற்குள் மட்டும் எனக்கு ஓர் உடல் உண்டு.

கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு
ஒன்பதாம் மாடியிலிருந்து மேலே பாய்கிறேன்,
முப்பது விநாடி.
பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
ஒன்றரை நிமிடம் மீன்போல் வாய் திறக்கிறேன்.
மறுபடி பாய்ச்சல். மறுபடி மீன்.
எட்டாவது சுற்றில்
தொண்டையில் பழைய ஐந்து காசின் ருசி.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்கு வந்த நாள் முதல்
லிஃப்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.
இப்போது படிக்கட்டுக்கு முதலாளி.
ஊதுபத்தி ஏற்ற வெளியே வந்த எதிர்வீட்டு சூ அக்கா
முதல் வாரம், யார் துரத்துகிறார்கள் என்று கேட்டாள்.
அடுத்த வாரம்
தன் வீட்டுச் செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

குணாளன் நடப்பவர்.
மாலை ஐந்தே முக்காலுக்கு மோட்டோவை எடுத்தால்
பொட்டானிக்கல் தோட்டம், ஒன்றரை மணி நேரம்.
பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும் என்றாராம்
கிளினிக் மிஸி நோராய்னி.
அதனால் பேசிக்கொண்டே நடக்கிறார்,
நாகலிங்க மரத்தடியில் கொஞ்சம் நின்றுகொண்டும்.
கூட ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவர்.
பந்தாட்டம், வெள்ளி மதிப்பு, யாருடைய மருமகனோ.
திரும்பும் வழியில் ஒரு தே தாரிக்,
சீனி குறைவாக, அவர் சொல்படி.

கல்லீரலில் கொழுப்பு என்று
இருவருக்கும் ஒரே நாளில்தான் சொன்னார்கள்.
ஒரே சட்டியில் தின்றவர்கள்தானே.

மெல்ல எரிகிற அடுப்புதான் கொழுப்பைக் கரைக்கும் என்பார் அவர்.
அணைத்த பிறகும் அடுப்பு சுடும் என்பேன் நான்.
சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கு நடந்தது.
நடுவராக இருக்கச் சொன்னதும்
தட்டோடு அறைக்குள் போய்விட்டான் கவின்.

மூன்று மாதம் கழித்து மிஸியின் தராசு
அவருக்கு இரண்டு கிலோ அறுநூறு என்றது,
எனக்கு இரண்டு கிலோ நானூறு.
இடுப்பு நாடாவில் நான் அரை அங்குலம் முன்னே.
இரண்டும் ஒன்றுதான், விடாமல் செய்யுங்கள்,
சோற்றைக் குறையுங்கள் என்றுவிட்டு
அடுத்த நம்பரைக் கூப்பிட்டார் மிஸி.

இரண்டும் ஒன்றுதான்.
ஹெல்மெட்டை மாட்டியபோது
அந்தச் சொல்லும் உள்ளே சேர்ந்து மாட்டிக்கொண்டது.
உனக்குத்தான் லாபம், நேரம் மிச்சம் பார் என்றார்
முன்னால் உட்கார்ந்திருந்தவர், காற்றில் கத்தி.

மிச்சமான நேரத்தை எங்கே வைத்தேன்?
வீடு வந்து தேடினேன்.
சம்பல் சட்டியில் கொஞ்சம் இருந்தது.
பள்ளிச் சட்டையின் காலரில் கொஞ்சம்.
அவருடைய நடைச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்த
ஜன்னல் விளிம்பில், ஈரமாக, மீதி.

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு
மோட்டோ சாவியை நான் எடுத்தேன்.
எங்கே என்றார். நடக்க என்றேன்.
நீதான் ஓடுகிறவளாச்சே என்றார்.

முதல் சுற்றில் கால்கள் ஓடத்தான் பார்த்தன.
மனசு முப்பது வரை எண்ணி எண்ணி
என்னை உசுப்பியது.
வயிற்றில் குட்டி தொங்க
ஒரு குரங்கு பாதையைக் கடந்தது. நின்றேன்.
அது கடந்து போன பிறகும் நின்றேன்.
இரண்டாம் சுற்றில்தான் ஓடையின் சத்தம் கேட்டது;
அது முதல் சுற்றிலும் இருந்திருக்க வேண்டும்.
மூச்சு என்னைக் கேட்காமல்
தன் பாட்டுக்கு வந்து போனது.

மூன்றாம் சுற்றில் போன் அடித்தது.
குக்கருக்கு எவ்வளவு தண்ணி?
விரலின் முதல் கணு வரைக்கும்.
யார் விரல்?
உங்க விரல்தான்.

பக்கத்தில் நாகலிங்கப் பூ ஒன்று
பொத்தென்று விழுந்தது.
இருட்டிக்கொண்டு வந்தது.
நான் வேகத்தைக் கூட்டவில்லை.