அடிக்கணக்கு

ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் ரிக் வண்டி
நத்தக்காட்டுப்புதூர் சாமியாத்தாள் தோட்டத்தில் கால் ஊன்றியது.
திருச்செங்கோட்டு வண்டி. கணக்கு எழுதுவது நான்.
முந்நூறு அடிவரை ஒரு விலை,
அப்புறம் நூறுக்கு நூறு ஏறும்.

பக்கத்தில் பழைய கிணறு, வறண்டது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மண்ணில் கீழே போகப்போகப் பழசு,
கிணற்றில் கீழே போகப்போகப் புதுசு.

மேல் இருபது அடி கடப்பாரைக் கொத்து.
அமெரிக்காவில் அண்ணன் தம்பிகள் சுட்டுக்கொண்டபோது
இங்கே பருத்தி விலை ஏறி, அந்தக் காசில் வெட்டியது.
சண்டை முடிந்ததை யாரும் வந்து சொல்லவில்லை.
விலை வந்து சொன்னது.

அதன்கீழ் ஓர் ஆள் உயரத்துக்குக் கோணல்மாணல்.
தாது வருடத்தில் கூழுக்கு வெட்டிய கைகள்.
ஒரு கொத்துகூட நேராக விழவில்லை.

நாற்பதாம் அடியில் வெடிக்குழிகள், வரிசையாக.
பைக்காராவில் அருவியைக் குழாய்க்குள் இறக்கினார்கள்;
நீலகிரியில் விழுந்த தண்ணீர்
கம்பி வழியே வந்து இங்கே தண்ணீரைத் தூக்கியது.
எருதுகள் பின்னோக்கி நடப்பதை மறந்தன.
கவலை போயிற்று என்றார்கள்.
சாலும் வடமும் போனது உண்மை.

"அதுக்குக் கீழ வெட்டலீங்க," என்றாள் சாமியாத்தாள்.
"ஆளுகெல்லாம் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. நானுந்தான்."

ராடு மாட்டும் சோமாய் முர்மு, ஜார்க்கண்ட் பையன்,
உடம்பெல்லாம் கல்மாவோடு கேட்டான்:
"அண்ணா, இங்க ஆறு இல்லியா?"
இருக்கிறது. முக்கால் மைலில் நொய்யல்.
எதிர்க்கரையில் கொடுமணல்.
கல்லைத் துளைத்து மணியாக்கி
பார்க்காத கப்பலுக்கு அனுப்பிய ஊர்.
அவர்கள் துளை ஊசி நுழையும் அளவு.
எங்களுடையது ஆறரை அங்குலம்.

நானூற்றிருபதில் புழுதி நனைந்தது.
பீறிட்டதும் முர்மு விசிலடித்தான்.
சாமியாத்தாள் ஒரு செம்பு பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கினாள்.
லேசான ஊதா.

அவள் முகம் சுளிக்கவில்லை,
தெரிந்தவரை வழியில் பார்த்தவள் போல நின்றாள்.
"இந்தக் கலர் நான் பாத்ததுதானுங்க.
கோர்ட்டுல பட்டறையெல்லாம் பூட்டச் சொன்ன தை மாசத்துக்கு
முன்னால வந்த ஆர்டரு.
நாலு மாசம் செக்கிங் டேபிள்ல ஓடுச்சு.
அமெரிக்காவுக்கு. கொழந்தைங்க ராத்திரி போட்டுத் தூங்கறது."

என் நோட்டில் அடி உண்டு, பாறை உண்டு,
நீர் எத்தனை அங்குலம் என்று உண்டு.
நிறத்துக்குக் கட்டம் இல்லை.

செம்பை அவள் தென்னை மூட்டில் ஊற்றப் போனாள்,
ஊற்றாமல் திரும்பி வந்தாள்.
"இன்னும் கீழ போனா
ஆருக்கும் தெரியாத தண்ணி இருக்குமுங்களா?"

"வெலை ஏறுமுங்க," என்றேன்.

"ஏறட்டும். போடுங்க."

முர்மு அடுத்த ராடை மாட்டினான்.