வெற்றுத் தோட்டா

லோகஷினி, உன் தாளில் ஓட்டையே இல்லை.
பத்தும் மண்மேட்டில்.
சிவப்பு மண் பத்து முறை துள்ளியதை
பக்கத்துத் தடத்தில் படுத்திருந்த நான்
எண்ணிக்கொண்டிருந்தேன், என் இலக்கை விட்டுவிட்டு.

சார்ஜன் ரம்லி "தாக்குட் கா?" என்றார்.
பயமா என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்?
நீ இல்லை என்றாய். அது உண்மையும்கூட.
செம்பனைக் காட்டுக்குள் விடியுமுன் மோட்டார் ஓட்டி
பஹாவ் டவுனுக்கு வேலைக்கு வருகிறவள் நீ.
பாதையில் பாம்பு கிடந்தால்
ஹாரன் அடிப்பாய், அவ்வளவுதான்.

ஆனால் நான் பார்த்தேன்.
வெடிக்கும் முன்பே உன் இமை விழுந்துவிடுகிறது.
வெடிக்கும் முன்பே தோள் முன்னால் போய்
அடியை வாங்க நிற்கிறது,
இன்னும் தட்டாதவனுக்கு
ஓடிப்போய்க் கதவு திறக்கிற மாதிரி.

உன் அண்ணன் சுகுணன்தான் காரணம் என்றாய்.
தீபாவளிக்குத் தீபாவளி மூங்கில் பீரங்கியை
சொல்லாமல் கொள்ளாமல்
உன் முதுகுக்குப் பின்னால் கொளுத்துவானாம்.
இருக்கலாம்.
காரணம் கிடைத்த பிறகும் தோள் கேட்கவில்லை.

மாலையில், ஆயுதங்களைத் திருப்பிக் கொடுக்குமுன்,
காலித் துப்பாக்கியின் குழல்மேல்
இருபது காசு ஒன்றை வைத்தேன்.
விசையை இழு, காசு விழக்கூடாது.
விழுந்தது.
உருண்டுபோய்ச் சாக்கடைக் கம்பியில் சாய்ந்தது.
துடைத்து மறுபடி வைத்தேன்.
கொசு நம் முழங்கால்களைத் தின்றுகொண்டிருந்தது.
நாற்பது தடவை இருக்கும்.
கடைசி ஏழு தடவை
காசு தன் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

மறுவாரம் நிஜத் தோட்டா.
மறுபடி மண்.
காலி எது, மருந்துள்ளது எது என்று
உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.
அதற்குத் தெரியாமல்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

சார்ஜனிடம் அனுமதி கேட்டு
உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகசின் நிரப்பினேன்.
நடுநடுவே பொய்த்தோட்டா,
வெறும் பித்தளை.
எத்தனை, எங்கே? சொல்லமாட்டேன்.

முதலாவது வெடித்தது.
இரண்டாவது
டிக்.
அவ்வளவு அமைதியில்
உன் குழல், சேற்றைக் கொத்தும் கொக்குபோல்
குனிந்து நிமிர்ந்தது.
யாரும் உன்னைத் தள்ளவில்லை, லோகா.
காதுமூடியைக் கழற்றிவிட்டு
"அடச்சீ, நானா?" என்றாய்.
மூன்று வாரத்தில் நீ சிரித்தது அப்போதுதான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆலையின் எடைப்பாலம்.
பழக்குலை லாரி ஏறியதும் எண்கள் துடிக்கும்.
ஓட்டுநர் தலையை நீட்டி அவசரப்படுத்துவார்.
எண் நிற்கும்வரை என் பேனா எழுதாது.
விசையையும் அப்படி அழுத்து என்றேன்,
கொஞ்சம் கொஞ்சமாக,
எந்த நொடி என்று உனக்கே சொல்லாமல்.

அடுத்த ஞாயிறு நீ சொன்னாய்:
"இப்போ உனக்கு நான் நிரப்பறேன். திரும்பிக்க."
பத்துக்கு ஒன்பது எடுக்கிறவள் என்ற தெம்பில்
திரும்பிக்கொண்டேன்.
மூன்று வெடித்தன. நான்காவது
டிக்.
என் குழலும் குனிந்தது.
கொஞ்சம்தான்; கொக்கு இல்லை, சிட்டுக்குருவி.
நீ பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை.
இருபது காசை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாய்.

தேர்வில் உனக்குப் பத்துக்கு ஆறு.
மிச்சம் நாலும் இன்னும் மண்ணுக்குத்தான்.
சார்ஜன் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து
ஓட்டைகளின் வழியே உன்னைப் பார்த்தார்.

பஸ் நிலையத்தில் சோயாப் பால் வாங்கினோம்.
பக்கத்துக் கடைக்காரர் இரும்புக் கதவை
மேலிருந்து ஒரே இழுப்பாய் இழுத்து மூடினார்.
இரண்டு கோப்பையும் துள்ளி
என் சட்டையில் பாதி, உன் பூட்ஸில் பாதி.

"இதுக்கு மார்க்கு கிடையாது" என்றாய்.
மிச்சத்தைக் குடித்தோம்.