கயிறு எண் மூன்று

வாங்கியபோது நாற்பத்தைந்து மீட்டர்.
ஆரஞ்சு நிறம், நடுவே ஒரு நீல இழை.
முதல் வாரம் கையில் எடுத்தாலே
புதுச் செருப்புப்போல் கிறீச்சிட்டது.
இப்போது பாசியும் பிசினும் ஏறி
என்ன நிறமென்று சொல்வது கடினம்.
ஹெலெத்துக்கு மட்டும் இன்னும் ஆரஞ்சு.

புதன்கிழமை, பண்ட்கிளாஸ் பண்ணைச் சாலையோரம்,
நோய் கண்ட ஆஷ் மரங்கள் பதினொன்று.
கொம்பெல்லாம் நமுக்காத பிஸ்கட்.
நோயாளியின் தோளில் யாரும் கயிறு கட்டுவதில்லை.
பக்கத்துச் சிக்கமோரில் கட்டி
அங்கிருந்து சாய்ந்து, எட்டி,
ஒற்றைக்கால் கொக்காக நின்று வெட்டினாள்.
மழை பெய்யவில்லை,
பெய்யப்போகிறேன் என்று
காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் தரையில்.
அண்ணாந்து பார்ப்பது என் வேலை,
கழுத்துக்குத் தனிச் சம்பளம் கிடையாது.
கிளை இழுப்பேன், சிப்பருக்கு ஊட்டுவேன்,
அது விக்கினால் சிவப்புக் கம்பியைத் தள்ளி நிறுத்தி
தொண்டையிலிருந்து ஐவிக்கொடியை உருவுவேன்.
அந்த வாய்க்கும் ரம்பத்துக்கும்
கயிற்றின் வாலைக் காட்டாமல் வைப்பதுதான்
இருப்பதிலேயே பெரிய வேலை.

விழுந்த கொம்பொன்றைத் துண்டாக்கக் குனிந்தேன்.
சுள்ளிக்குள் வால் கிடந்தது.
அறுக்கவில்லை. தொட்டது, அவ்வளவுதான்.
பூனை மீசைபோல் நாலைந்து இழை
வெளியே எட்டிப் பார்த்தன.
நுனியிலிருந்து அளந்தால் ஆறு மீட்டர்.
அவள் இறங்கிவர அந்த ஆறு மீட்டர் தேவையில்லை.
ஆபத்தில்லை, இன்றைக்கு.
நாளை எந்த முனையில் தொங்குவாள்?
எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.
பையிலிருந்து எது முதலில் வருகிறதோ அது.

கல் உரசியது எனலாம்.
ஆடு கடித்தது எனலாம்,
இந்தப் பள்ளத்தாக்கில் ஆட்டின்மேல்
எந்தப் பழியும் நிற்கும்.
கயிறு திரிக்கக் கையில் கயிறே இருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.
பிளாஸ்க் தேநீரைக் குடித்தேன்,
பெட்ரோலும் எண்ணெயும் ஐம்பதுக்கு ஒன்றாகக் கலந்தேன்,
மழுங்காத சங்கிலிக்கு அரம் போட்டேன்,
பல்லுக்கு மூன்று இழுப்பு,
பிறகு இன்னும் மூன்று.

மாலையில் அவள் கையுறையைக் கழற்றி
கயிற்றை விரல்களுக்கிடையே ஓடவிட்டாள்.
கண் வேறெங்கோ.
மகளின் டிரம்பெட்டைப் பற்றிப் பேசினாள்,
பக்கத்து வீட்டார் தாளில் எழுதி
கதவில் ஒட்டிவிட்டுப் போனதைப் பற்றி.
முப்பது மீட்டர் டிரம்பெட். முப்பத்தைந்து.
பிறகு பேச்சு நின்றது.

என்னைப் பார்க்கவில்லை.
கத்தியை எடுத்தாள், ஒரே இழுப்பு.
லைட்டரில் நுனியைக் காட்டி உருக்கி
எச்சில் தொட்ட விரலால் அழுத்தினாள்.
வேன் முழுக்க நைலான் கருகிய நாற்றம்.
பதிவேட்டைத் திறந்தாள்:
கயிறு எண் மூன்று. முன்பு 45. இப்போது 39.
"காரணம்" என்ற கட்டம் வந்ததும்
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான்கு வரி எழுத இடமிருந்தது.
"தரை ஆள்" என்று எழுதினேன்.
போதவில்லை என்று தோன்றியது,
பெயரையும் எழுதினேன், பெட்வைர்,
கறுப்பு மை, கோணல் கையெழுத்து.
"தேதி," என்றாள்.

இப்போது மரங்களை அதை வைத்தே பார்க்கிறோம்.
இரட்டையாக மடித்தால் பத்தொன்பதரை,
முடிச்சுக்குக் கொஞ்சம் போக.
பாதிரியார் வீட்டு எல்ம்: முடியும்.
தேவாலயத்துப் பாப்லர்: இருபத்தொன்று.
புதுக் கயிறு வரும்வரை அது நிற்கட்டும்.
அவர்களுக்கு நான்தான் போன் செய்ய வேண்டுமாம்.

வெட்டிய ஆறு மீட்டரை எறியாமல்
என் பிக்கப்பின் பின்கதவைக் கட்டியிருக்கிறேன்.
அதன் தாழ்ப்பாள் மார்ச் மாதமே போய்விட்டது.
தினமும் இரண்டு முறை
அவிழ்க்கிறேன், முடிகிறேன்.
மீசை முளைத்த இடம்
எப்படியோ கட்டைவிரலுக்கு வந்துவிடுகிறது,
பார்க்காமலே.