மாற்றுக் குறைவு

செவ்வாய்தோறும் எங்கள் பட்டறைக்கு,
பர்மிங்ஹாம், வைஸ் தெருப் பின்கட்டுக்கு,
தபால் உறைகள் வரும்.
அறுந்த சங்கிலி, ஒற்றைக் காதணி,
கழற்றிய கோபம் ஆறாத மணமோதிரங்கள்.
பெரும்பாலும் உள்வட்டத்தில் ஒரு நங்கூரம்,
பக்கத்தில் எண்: முந்நூற்று எழுபத்தைந்து.
ஆயிரத்தில் அவ்வளவுதான் தங்கம்.
ஒன்பது காரட்.
மிச்சம் செம்பு, வெள்ளி, ஒரு சிட்டிகை துத்தநாகம்.

மஞ்சள் என்றும் சொல்ல முடியாது.
ஆறிய தேநீரில்
விளக்கு விழுந்த நிறம்.

இன்றைய உறையில் மோதிரத்தோடு ஒரு கடிதம்.
கிரிம்ஸ்பியிலிருந்து, டோரீன் ஹாஸ்லம்:

"மீன் ஆலையில் இருபத்தாறு வருடம்
முள்ளெடுத்த விரலில் இருந்தது இது.
பனிக்கட்டி, உப்பு, கத்திப்பிடி.
என் தங்கைக்கு இருபத்திரண்டு காரட்;
பெட்டி தூக்கியே கோணிவிட்டது.
என்னுடையது வளையவில்லை.
வளைந்தது வேறு, அதை விடுங்கள்.
இதில் பாதிகூடத் தங்கம் இல்லை என்கிறார் கடைக்காரர்.
இருப்பதற்குப் பணம் அனுப்புங்கள்.
மற்றதை, முடிந்தால், திருப்பித் தாருங்கள்.
உழைத்தது அதுதானே."

உரைகல்லில் இழுத்தேன். அமிலம் பட்டதும்
கோடு வெளிறியது.
முத்திரை பொய் சொல்லவில்லை.
எடை இரண்டு புள்ளி நான்கு கிராம்;
தங்கம் மட்டும்
ஏழரைக் குன்றிமணி.

"மற்றது கணக்கில் வராது,
எல்லாம் ஒரே மூசைக்குத்தான்" என்றார் டெஸ்மண்ட்.
அவர் சாப்பிடப் போனதும்
சின்ன மூசையை எடுத்தேன்.

இந்தத் தொழிலில் ஒரு விநோதம்.
தங்கத்தைப் பிரிக்க வேண்டுமென்றால்
முதலில் அதை இன்னும் கெடுக்க வேண்டும்.
நாலில் ஒரு பங்காய் அது இறங்கும்வரை
வெள்ளி சேர்த்து உருக்க வேண்டும்.
இல்லையென்றால்
அமிலத்துக்கு உள்ளே நுழைய வழி இராது;
தங்கம் தன் செம்பை
விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.
முதல் முறை இதைக் கேட்டபோது
எனக்கு விவாகரத்தாகி ஒரு மாதம்.
நான் சிரித்துவிட்டேன்; யாருக்கும் காரணம் புரியவில்லை.

பாதி மோதிர எடைக்கு வெள்ளி இட்டேன்.
உருக்கினேன், நீரில் சிதறவிட்டேன்,
அமிலத்தில் போட்டேன்.
புகை அடங்கியதும்
குடுவையின் அடியில் பழுப்பாய் ஒரு பொடி.
பார்த்தால் வண்டல் மண்.
சொக்கத் தங்கம் அதுதான்.
மேலே நீலமாய் நின்றது
அவர் கேட்டது.

நீலத்தை வேறு குடுவைக்கு வடித்து
உப்புக் கரைசல் விட்டேன்.
வெள்ளி தயிராய்த் திரிந்து கீழே இறங்கியது.
அமிலத்தைத் தணித்துவிட்டு
ஓர் இரும்பு ஆணியை உள்ளே நிறுத்தினேன்.
தேநீர் குடித்து வருவதற்குள்
ஆணி செம்பு உடுத்தியிருந்தது,
சீராக இல்லை,
தலைப்பக்கம் கொஞ்சம் திட்டுத் திட்டாய்.

காசோலையோடு அதையும் காகிதத்தில் சுற்றி
உறையில் வைத்தேன்.
துத்தநாகம் கிடைக்கவில்லை, மன்னிக்கவும்
என்று ஒரு வரி எழுதினேன்.

பேரேட்டில் 'மற்றவை' என்றொரு பத்தி உண்டு.
பதினோரு வருடமாய் அதில் கோடுதான் இழுக்கிறோம்.
இன்று எழுதினேன்:
ஆணி, ஒன்று.