இளஞ்சிவப்புக் கோணமானி

அபர்டீனில் வியாழக்கிழமை இரவுகளில்
சலவைக் கடைக்கு மேல்மாடியில்
போர் நடக்கும்.
கீழே யாருடைய போர்வையோ சுற்றிச் சுழல
மேலே மேசை லேசாக அதிரும்.
விண்மீன் அச்சடித்த கறுப்புத் துணிமேல்
கப்பல்கள் ஒரு நூலளவு நகர்ந்துவிட்டதாக
லோர்ன் சொல்வான்.
பேருந்து ஓட்டுபவன். நூலளவு அவனுக்குத் தெரியும்.

விதி எளிது.
கப்பலின் மூக்கிலிருந்து அளக்காதே.
பீரங்கியின் வாயிலிருந்தும் அளக்காதே,
அது ஈயத்தில் வார்த்த வெறும் அழகு.
அடித்தட்டின் நடுவில் ஒரு முளை இருக்கிறது,
அங்கிருந்து.
முன்பக்கம் நூற்றிருபது பாகை.
எதிரியின் முளை அதற்குள் விழுந்தால் சுடலாம்.
கோட்டின்மேலேயே விழுந்தால்
சுடுபவனுக்கே சாதகம்.
பின்புறம், உலைகள் எரியும் திசையில்,
ஒன்றுமில்லை. அங்கே நீ குருடு.
எவன் வந்து நின்றாலும்
அவன் வைத்ததுதான் சட்டம்.

முதல் மாதம் எனக்குப் பிடிபடவில்லை.
"இத்தனை பெரிய கப்பல், திரும்பிச் சுடாதா?"
லோர்ன் சிரிக்கவில்லை.
"என் வண்டியில்
இடதுபக்கக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே
ஒரு சைக்கிள்காரன் முழுசாக மறைந்துபோவான், எஃபி.
சைக்கிளோடு."

ம்யூர் எண்ணெய் மேடையிலிருந்து
இறங்கிய வாரங்களில் மட்டும் வருவான்.
முளைக்கு முளை நூல் பிடித்து
ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வான்,
கிரேனில் தொங்கும் பாரம்
எங்கே இறங்கும் என்று பார்ப்பவன்போல.
"உள்ளே" என்பான். அல்லது "வெளியே".
அளக்கும்போது மூன்றாவது சொல் கேட்டதில்லை.

நூல் ஆடுகிறது, கண் ஏமாற்றுகிறது என்று
கோணமானி செய்து கொண்டுவந்தது நான்தான்.
என் பிழைப்பு பல்செட்டு கட்டுவது.
செயற்கை ஈறு வார்க்கும் அதே பிசினில்,
ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பில்,
முளைக்கு ஒரு பள்ளம், மேற்புறம் ஓர் அம்பு.
"யார் வாயிலிருந்து பிடுங்கினாய்?" என்றான் ம்யூர்.
அன்றிலிருந்து சச்சரவு ஓய்ந்தது.
அது சொன்னால் சொன்னதுதான்.

பிசின் இறுகும்போது சுருங்கும்.
எனக்கா தெரியாது?
இருபது வருடமாய் அதற்கென்றே
கொஞ்சம் கூட்டி வார்க்கிறவள்.
பிப்ரவரியில் ஒருநாள், வேலைமேசையில்,
மகனின் பள்ளிக்கூடப் பாகைமானிமேல்
சும்மா வைத்துப் பார்த்தேன்.
இடது கை உள்ளே வளைந்திருந்தது.
இரண்டு பாகை.
பல்லாக இருந்தால்
அன்றைக்கே திரும்பி வந்திருப்பார்கள்.

மறுபடி வார்க்க அரைமணி போதும்.
வார்க்கவில்லை.
அதன்பிறகு மூன்று வியாழன்
இடப்பக்கமிருந்தே வந்தேன்.
இளஞ்சிவப்பு விளிம்புக்கு ஒரு மயிரிழை வெளியே
கப்பலை நிறுத்தி
"அளந்துகொள்" என்று கைகட்டி நின்றேன்.
லோர்ன் குனிவான், பார்ப்பான்,
"வெளியே" என்று அவனே சொல்வான்.
என் காது சுடும்.
மூன்றாம் வெற்றிக்குக் கைகுலுக்கி
"உனக்குக் கோணம் பிடிபட்டுவிட்டது" என்றான்.

நேற்று அவனிடம் கடைசிக் கப்பல்,
அதில் ஒரே பீரங்கி மிச்சம்.
நான் வழக்கமான இடத்தில்.
கோணமானிக்குக் கை நீட்டினான்.
"வேண்டாம். உள்ளேதான் இருக்கிறேன்."
"அளக்கவே இல்லையே!"
"உள்ளே. சுடு."

ம்யூர் நூலை இழுத்து
ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தான்.
"உள்ளே."
பிறகு அந்த இளஞ்சிவப்பை எடுத்து
விளக்கில் பிடித்தான்,
என்னைப் பார்த்தான்,
இருந்த இடத்திலேயே வைத்தான்.

லோர்ன் பகடையை உருட்டினான்.
நான்கு விழுந்தால் போதும்.
இரண்டு விழுந்தது.
"சே!" என்றான், அவ்வளவு சந்தோஷமாக.
கீழே இயந்திரம் உலர்த்தும் சுற்றுக்கு மாறியது.
மேசை அதிர்ந்து
கப்பல்கள் எல்லாம் ஒரு நூலளவு நகர்ந்தன.

என் முறை.
கப்பலைத் தொடாமல்
வாயைத் திறந்தேன்.